தூரிகை எழுத்து

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், திருவெறும்பூரைக் கடந்து கிழக்கே சென்றால் துவாக்குடி வரும். பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலைக்கு வேண்டும் இரும்புப் பகுதிகளைச் செய்தளிக்கும் பட்டறைகள் நிறைந்த ஊர் அது. 1964-ஆம் ஆண்டில் மண்டலப் பொறியியற் கல்லூரியாகத் தோன்றி, 2003 முதல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக விளங்கும் கல்விக்கூடமும் அங்கே உள்ளது. அவ்வூர்க் கடைத்தெருவில் சிறிது நேரம் நின்று, மாணவர்களே, சுற்றிலும் உள்ள பலகைகளை நோக்குங்கள். தேநீர்க் கடையின் பெயர் ஒரு பக்கம் சாய்ந்து, துள்ளி ஓடுவதுபோல் எழுதப்பட்டிருக்கும். மருந்துக் கடையின் பெயரோ நிமிர்ந்து நிற்கும். சரக்கு வண்டியின் பின்புறத்தில் 'ஒலி எழுப்புக' என்னும் தொடர் பருத்த வண்ண எழுத்துகளால் விளங்கும். எல்லாம் தமிழ் எழுத்துகளே. ஆயினும் ஒவ்வொன்றின் நடையும் வேறு. மனிதர் நடக்கும் நடையைக் கண்டே அவர் திருமணத்திற்குச் செல்கின்றாரா, துக்க வீட்டிற்குச் செல்கின்றாரா என்று நாம் அறிந்துகொள்வதில்லையா? எழுத்திற்கும் அத்தகைய நடை உண்டு. நாமோ சொல்லைப் படிக்கின்றோமேயன்றி எழுத்தைப் பார்ப்பதில்லை.

நாற்பது ஆண்டுகளுக்குச் சிறிது குறைவாகத் தமிழ் கற்பித்த யானும் அங்ஙனமே இருந்தேன். எழுத்தைப் பார்க்க வேண்டும் என்பதை ஓய்வு பெற்ற பின்னரே, அதுவும் நாணத்தக்க முறையில் கற்றேன். அச்செய்தியைப் பின்னர்க் கூறுவேன். அதற்கு முன் தூரிகை எழுத்து என்பது யாது என்று காண்போம்.

எழுதும் கருவியே எழுத்தின் உருவத்தை அமைக்கின்றது. திருவரங்கம் பெரிய கோயிலின் மதில்களிலும் மண்டபங்களிலும் அறுநூற்றுக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றின் எழுத்துகள் உளியால் பிறந்தவை. ஒவ்வொரு கோடும் ஒரே பருமன் உடையது. ஓலையில் எழுதியவர்களுக்குக் கருவி எழுத்தாணி. ஓலையின் நரம்பு ஓடும் திசையில் நேர்கோடு கீறினால் ஓலை பிளந்துவிடும். ஆதலின் எழுத்தாணி வளைந்து வளைந்து சென்றது, எழுத்துகளும் வட்டமாயின. புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்று அஞ்சிப் பெரும்பாலோர் புள்ளி இடாமலே எழுதினர். மெய்யெழுத்திற்கும் எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஏட்டில் அவ்விதி அரிதாகவே கைக்கொள்ளப்பட்டது. அதனால் விளைந்த இடர் சிறிதன்று. 'கொடு' என்பதோ 'கோடு' என்பதோ, 'பெறு' என்பதோ 'பேறு' என்பதோ, இடம் நோக்கியே உணரவேண்டியிருந்தது. ஒற்றைக் கொம்பு குறிலுக்கும் இரட்டைக் கொம்பு நெடிலுக்கும் உரியன என்று வேறுபடுத்திய சிறப்பு, 1747-ஆம் ஆண்டில் மறைந்த வீரமாமுனிவருக்கு உரியதாகக் கூறுவர். இச்செய்தியை நினைவிற் கொள்ளுங்கள். மீண்டும் இதனிடம் வருவோம்.

தூரிகை இவ்விரண்டு கருவிகளினும் வேறுபட்டது. உளியும் எழுத்தாணியும் வலியவை, தூரிகை மெல்லியது. அழுத்தினால் அதன் மயிர்கள் விரியும், கோடு பருக்கும். கையை மெல்ல உயர்த்தினால் மயிர்கள் குவியும், கோடு மெலியும். விரைந்து இழுத்தால் வண்ணம் வற்றி, கோட்டின் இறுதியில் கீற்றுக் கீற்றாகப் பிரியும். எனவே தூரிகையால் எழுதிய எழுத்தில் கை தொடங்கிய இடம், விரைந்த இடம், தயங்கிய இடம், விட்டு விலகிய இடம் ஆகிய யாவும் பதிந்திருக்கும். கல்வெட்டிற்கும் தூரிகைக்கும் உறவு உண்டு என்பாரும் உளர். உரோமை நகரில் 113-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட திராயான் தூணின் கல்லெழுத்துகளைப் பல்லாண்டு ஆராய்ந்தவர் எட்வர்டு கேட்டிச் என்னும் அமெரிக்கப் பாதிரியார். அவர் துறவு பூணுமுன் சிக்காகோ நகரில் விளம்பரப் பலகை எழுதியவர். அத்தூணின் எழுத்துகள் முதலில் பட்டைத் தூரிகையால் எழுதப்பட்டு, அதன்மேல் உளி சென்றது என்று 1968-இல் வெளியிட்ட நூலில் அவர் நிறுவினார். எழுத்துகளின் முனைகளில் காணப்படும் சிறு விரிவு தூரிகை திரும்பிய சுவடே என்பது அவர் கொள்கை. நூல் கற்றோர் காணத் தவறியதைப் பலகை எழுதியவர் கண்டார்.

துவாக்குடியில் பலகை எழுதும் ஓவியர் ஒருவர் எனக்கு நெடுநாள் பழக்கம். எங்கள் பள்ளியின் விளையாட்டு விழாவிற்கு ஆண்டுதோறும் துணிப் பதாகை எழுதித் தந்தவர். அவர் தொழில் செய்யும் முறையைப் பலமுறை அருகிருந்து கண்டுள்ளேன். முதலில் நூலில் சுண்ணப்பொடி தோய்த்து, இருவர் இரு முனையிலும் பிடித்துக்கொண்டு, நடுவில் இழுத்து விடுவர். சுவரில் நேர்கோடு விழும். பின்பு சொல்லில் உள்ள எழுத்துகளை எண்ணுவார். எண்ணிக்கை மட்டும் போதாது. ணகரமும் ஞகரமும் மிக்க இடம் கொள்ளும். ரகரமும் காலும் ஒடுங்கி நிற்கும். இவற்றைக் கருதி நடுவிடம் குறித்துக்கொள்வார். முனையில் துணி சுற்றிய கோல் ஒன்றைச் சுவரில் ஊன்றி, அதன்மேல் வலக்கையைச் சார்த்துவார். எனாமல் வண்ணத்தில் டர்பென்டைன் சில துளி கலப்பார். அதன்பின் தூரிகை சுவரைத் தொடும். தொட்டபின் தயக்கம் இல்லை. 'து' என்னும் எழுத்தை மூன்றே இழுப்பில் முடித்து, கையை எடுத்து விடுவார். "ஒருமுறை இழுத்த கோட்டை மறுபடி தொட்டால் அது செத்துப் போகும் ஐயா" என்பார்.

அவரிடம் யான் கண்ட மற்றொரு வியப்பு இது. ஒரே சொல்லில் ஓரெழுத்து இருமுறை வந்தால், இரண்டையும் அவர் ஒன்றுபோல் எழுதுவதில்லை. 'பப்பாளி' என்று பழக்கடைக்கு எழுதினார். முதற் பகரம் சிறிது தாழ்ந்து தொடங்கிற்று. அடுத்தது புள்ளிக்கு இடம்விட்டுக் குறுகிற்று. மூன்றாவது, தன்னை அடுத்து வரும் காலைத் தழுவுவதுபோல் சாய்ந்தது. எழுத்துகள் ஒன்றையொன்று பார்த்து விலகியும் நெருங்கியும் நின்றன. இந்த இசைவே தூரிகை எழுத்தின் உயிர்.

இனி அச்செழுத்தின் செய்திக்கு வருவோம். தமிழ் அச்செழுத்தில் வெளிவந்த முதல் நூல் 'தம்பிரான் வணக்கம்'. 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் பதினாறு பக்கங்களில் அச்சாயிற்று. பின்னர் 1713-ஆம் ஆண்டளவில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் அச்சுக்கூடம் நடத்தினார். ஜெர்மனியில் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியனவாய்த் தாளை விழுங்கின. ஆதலின் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்க்கவேண்டியதாயிற்று. உலோக அச்சின் இயல்பு யாதெனில், எஃகில் ஒருமுறை செதுக்கிய உருவமே செம்பிற் பதிந்து, ஈயத்தில் ஆயிரமாயிரமாக வார்க்கப்படுவது. ஓரெழுத்து எங்கு வந்தாலும் ஓர் இம்மியும் வேறுபடாது. இதுவே அச்சின் பெருமை. நூலைத் திருத்தமாகவும் விரைவாகவும் படிக்க இவ்வொருமையே உதவுகின்றது.

அங்ஙனமாயின், தூரிகை எழுத்தை அச்சாக்குவது எங்ஙனம்? மாறிக்கொண்டேயிருப்பதை மாறாத ஈயத்தில் வார்ப்பது முரணன்றோ? முரணே எனினும் மேலை நாட்டார் முயன்றனர். அமெரிக்க நாட்டில் இராபர்ட் ஸ்மித் என்பார் 1942-இல் வரைந்த 'பிரஷ் ஸ்கிரிப்ட்' என்னும் அச்செழுத்து விளம்பரங்களில் எங்கும் பரவிற்று. பிரான்சு நாட்டு ரோஜர் எக்ஸ்கோபோன் தம் கையெழுத்தையே அடிப்படையாகக் கொண்டு 1953-இல் 'மிஸ்திரால்' என்னும் எழுத்தை வெளியிட்டார். தென்பிரான்சில் வீசும் காற்றின் பெயர் அது. ஒவ்வோர் எழுத்தின் வாலும் அடுத்த எழுத்தின் தலையோடு பொருந்துமாறு அவர் அமைத்த திறம் பெரிது. தனித்தனி ஈயத்துண்டுகள் சேர்ந்து ஒரே வீச்சில் எழுதியதுபோல் தோன்றும்.

தமிழில் இம்முயற்சி எளிதன்று. ஆங்கிலத்திற்குப் பேரெழுத்தும் சிற்றெழுத்துமாக ஐம்பத்திரண்டு உருவங்கள் உள்ளன. தமிழுக்கோ கொம்பும் காலும் தனியே பிரிந்து நின்றபோதிலும், இகர ஈகார உயிர்மெய்களும் உகர ஊகார உயிர்மெய்களும் தனித்தனியே வேண்டும். கு, சு, டு, து, மு என்பவற்றை எழுதிப் பாருங்கள். உகரத்தின் குறி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாய் அமைதல் புலப்படும். இவ்வாறு நூற்றுக்கு மேற்பட்ட அச்சுகளைச் செதுக்குவது பெருஞ்செலவு. ஆதலின் நம் அச்சகத்தார் வேறு வழி கண்டனர். வார இதழ்களில் கதையின் உடல் ஈய எழுத்தில் இருக்கும். தலைப்பை மட்டும் ஓவியர் தூரிகையால் எழுதுவார். அதனைத் துத்தநாகத் தகட்டில் பிளாக்காகச் செய்து அச்சிடுவர். கல்கி, ஆனந்த விகடன் முதலிய இதழ்களின் பழைய தொகுப்புகளைப் புரட்டினால் இதனைக் காணலாம். வீரக் கதையின் தலைப்பு வாள் வீச்சுப்போல் கூர்ந்திருக்கும். நகைச்சுவைக் கதையின் தலைப்பு தள்ளாடி நிற்கும். கதையைப் படிக்குமுன்னரே அதன் சுவையைத் தலைப்பு உணர்த்திவிடும்.

இக்காலத்தில் ஈயம் மறைந்து கணிப்பொறி வந்துவிட்டது. எழுத்துரு என்று நாம் இன்று கூறுவது கோடுகளின் கணக்கேயன்றிப் பொருளன்று. எனவே செலவு குறைந்தது. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் அமைத்த 'கவிவாணர்' என்னும் எழுத்துரு, சாய்ந்த கையெழுத்தின் சாயலை உடையது. யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஓரெழுத்திற்கு இரண்டு மூன்று வடிவங்களை வைத்து, அவ்வெழுத்து மீண்டும் வரும்போது வேறு வடிவம் தோன்றச் செய்யவும் இன்று வழி உண்டு. நம் ஓவியரின் மூன்று பகரங்களையும் கணிப்பொறி ஒருவாறு கற்றுக்கொள்ளலாம் என்பது பொருள்.

கணிப்பொறி தந்தது அவ்வளவு, எடுத்துக்கொண்டதும் உண்டு. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிளெக்ஸ் பதாகை அச்சிடும் பொறிகள் நம் ஊர்களுக்கு வந்தன. ஓவியர் இரண்டு நாள் எழுதும் பலகையைப் பொறி சில நிமிடங்களில் அச்சிட்டுத் தந்தது. பலகை எழுதியவர்கள் பலர் வீட்டுச் சுவருக்கு வண்ணம் பூசச் சென்றனர். தில்லியில் ஹனிப் குரேஷி என்னும் வடிவமைப்பாளர் இதனைக் கண்டு வருந்தி, தெரு ஓவியர்களிடம் சென்று அவர்தம் எழுத்துகளை எழுதி வாங்கி, அவற்றை எழுத்துருக்களாக மாற்றி, அவ்வவ் ஓவியர் பெயரையே சூட்டினார். 2024-இல் அவர் மறைந்தார். எழுத்தை எழுதியவன் பெயர் எழுத்தோடு நிற்றல் வேண்டும் என்று கருதிய அவருக்குத் தமிழ் உலகமும் கடப்பாடுடையது. நம் நாட்டுப் பலகை ஓவியர்களின் எழுத்தை அங்ஙனம் தொகுப்பார் பலர் வேண்டும்.

துவாக்குடி ஓவியரும் கடைப்பலகைகளை இழந்தார். ஆயினும் பட்டறைகள் அவரைக் கைவிடவில்லை. பெரிய இரும்புப் பகுதிகளின்மேல் எண்ணும் எடையும் எழுதும் பணி கிடைத்தது. அங்கே அவர் எழுத்து முற்றும் மாறிவிட்டதைக் கண்டு யான் வியந்தேன். சாய்வு இல்லை, துள்ளல் இல்லை, 3-க்கும் 8-க்கும் வேறுபாடு பத்து அடித் தொலைவில் தெரியுமாறு வாயைத் திறந்து எழுதியிருந்தார். காரணம் கேட்டேன். "பாரந்தூக்கி ஓட்டுபவர் மேலே இருந்து பார்ப்பார் ஐயா. 15 என்று எழுதும்போது நடுவில் ஒரு துளி சிந்தினால் அவர் ஒன்றரை டன் என்று எண்ணித் தூக்குவார். கீழே நிற்பவன் வீடு திரும்ப மாட்டான்" என்றார்.

இங்கேதான் வீரமாமுனிவரின் இரட்டைக் கொம்பை மீண்டும் நினைக்க வேண்டும். தூரிகைப் பாங்கான எழுத்துருக்கள் பலவற்றில் கொம்பின் சுழி பருத்து அடைந்துவிடுகின்றது. ஒற்றையோ இரட்டையோ என்று தெரிவதில்லை. புள்ளி ஒரு கீற்றாக நீண்டு, மேல்வரியின் எழுத்தோடு ஒட்டிக்கொள்கின்றது. ணகரத்தின் சுழிகளும் னகரத்தின் சுழிகளும் விரைவில் கரைகின்றன. ஓலைக் காலத்து இடர், எழுத்துரு வடிவில் திரும்பி வருகின்றது. இனிப்புக் கடையின் பலகையில் இதனால் கேடில்லை, சொல் ஒன்றிரண்டே, படிப்பவன் பொருளை முன்னமே அறிவான். சிறுவர் கதைநூலின் அட்டை, ஊர்த் திருவிழாவின் அழைப்பு, கலை நிகழ்ச்சியின் சுவரொட்டி ஆகியவற்றிற்கும் இவ்வெழுத்து அழகு செய்யும். ஆனால் மருந்துப் புட்டியின் குறிப்பு, வாக்காளர் பட்டியல், பத்தி பத்தியாய் நீளும் கட்டுரை ஆகியவற்றிற்கு இதனைக் கொள்வது தகாது. கடைப்பலகைகளில் தமிழ் முதன்மையாய் விளங்குதல் வேண்டும் என்பது தமிழ்நாட்டு அரசின் விதி. முதன்மையாய் எழுதிய தமிழ் படிக்கவும் இயலுதல் வேண்டுமன்றோ?

இத்துணை நேரம் படிக்க இயலுவதைப் பற்றிக் கூறினேன். படிக்க இயன்றும் தகாதது ஒன்று உண்டு. என் நாணம் அதனைப் பற்றியதே.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் மூதாட்டி ஒருவர் இயற்கை எய்தினார். அவர் மகன் என் பழைய மாணவர். அன்றிரவே கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அச்சிடவேண்டும் என்று, அச்சகத்தார் அமைத்த படியைக் கைபேசியில் எனக்கு அனுப்பி, "பிழை பார்த்துத் தாருங்கள் ஐயா" என்று வேண்டினார். 'இரங்கள்' என்றிருந்ததை 'இரங்கல்' என்று திருத்தினேன். ஓரிடத்தில் விட்டுப்போன ஒற்றைச் சேர்த்தேன். சரி என்று விடை அனுப்பினேன். பிழையின்றி முடித்தோம் என்ற மனநிறைவோடு உறங்கினேன்.

விடியற்காலையில் பேருந்து நிறுத்தச் சுவரில் அச்சுவரொட்டியைக் கண்டேன். 'கண்ணீர் அஞ்சலி' என்னும் தலைப்பு, மஞ்சளும் சிவப்புமாய், சாய்ந்து துள்ளும் தூரிகை எழுத்தில் அமைந்திருந்தது. ணகரம் வளைந்து ஆடிற்று. லிகரத்தின் விசிறி வால்போல் மேலெழுந்தது. பள்ளிக்குச் செல்லும் சிறுவன் ஒருவன் தன் தோழனிடம், "புதுக்கடை திறக்கிறாங்கடா" என்று கூறிச் சென்றான். அவன் சொல்லைப் படிக்கவில்லை, எழுத்தைப் பார்த்தான். யானோ முந்திய இரவு சொல்லைப் படித்தேன், எழுத்தைப் பார்க்கவில்லை. வெளியூரிலிருந்து முதற் பேருந்தில் வந்திறங்கிய மூதாட்டியின் மகள் அச்சுவரின்முன் நின்றார். ஒன்றும் கூறவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தாயின் படத்தை மட்டும் சிறிது நேரம் பார்த்துவிட்டு நடந்தார். அச்சகத்தில் எழுத்தைத் தேர்ந்த இளைஞனைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. தன்முன் இருந்த எழுத்துகளுள் கண்ணைக் கவர்வதை அவன் எடுத்தான். பிழை பார்க்கும் பொறுப்பை ஏற்றவன் யானே.

பதினாறாம் நாள் காரியத்திற்கு மூதாட்டியின் படத்தின் கீழ் வைக்கப் பெயர்ப்பலகை ஒன்று வேண்டியிருந்தது. அதனை என் பொறுப்பில் ஏற்று, நம் ஓவியரிடம் சென்றேன். செய்தியைக் கூறினேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்து, கருமை தீட்டிய பலகை ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கடைப்பலகைக்கு எடுக்கும் பட்டைத் தூரிகையை நீக்கி, மெல்லிய தூரிகையைத் தேர்ந்தார். அன்று அவர் கை விரையவில்லை. ஒவ்வோர் எழுத்தையும் நிமிர்த்தி, இடைவெளி மிகுதியாய் விட்டு, வெண்மையால் மட்டும் எழுதினார். பெயரில் லைகாரம் ஒன்று இருந்தது. 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்குப் பின் நாம் எழுதும் வடிவத்தில் அதனை எழுதாமல், யானைத் துதிக்கைபோல் முன்னே வளைந்த பழைய வடிவத்தில் எழுதினார். யான் அவரை நோக்கினேன். "அந்த அம்மா பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து இதுதானே ஐயா" என்றார். பிறகு தூரிகையைத் துடைத்து, நுனியில் ஒரு துளி வெண்மை எடுத்து, இதுவரை இடாமல் விட்டிருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்தார்.